யானையின் குரலும் மனிதரின் செவியும்

கண்டி வீதி வழியே யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்பவர் ஆனையிறவைக் கடந்து செல்கின்றார். வன்னிக் காட்டிற் பிடித்த யானைகளை ஆழமற்ற அந்த நீரேரியில் இறக்கிக் குடாநாட்டுக்குக் கொண்டு வந்தமையால் அப்பெயர் அமைந்தது என்பர். குடாநாட்டினுள்ளே ஆனைக்கோட்டை உண்டு. யாழ்ப்பாண நகரிலே ஆனைப்பந்தி உண்டு. வன்னியிலே ஆனைவிழுந்தான் உண்டு. யானை பிடிபட்ட இடமும், கட்டப்பட்ட இடமும், வீழ்ந்த இடமும் ஊர்ப்பெயர்களாகி நிலைத்துவிட்டன. ஆனால், யானை பேசிய இடம் என்றோ, அதன் பேச்சை மனிதன் கேட்ட இடம் என்றோ ஓர் ஊருக்கும் பெயரில்லை. யானையைப் பிடித்த வரலாறு மிக நெடியது. யானையைச் செவிமடுத்த வரலாறு மிகக் குறுகியது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியவன் என் மாணவன் ஒருவன். வன்னிக் கிராமமொன்றிலே சில ஆண்டுகள் தமிழ் கற்பித்தேன். நெற்கதிர் முற்றும் மாதங்களில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் முதலாம் பாடத்திலேயே மேசையில் தலைசாய்த்து உறங்கிவிடுவான். ஒருநாட் காலை அவனைக் கடிந்துகொண்டேன். “இரவு முழுக்கக் காவல் சேர். ஆனை வந்திட்டுது” என்றான். இருளிலே யானை வந்ததை எவ்வாறு அறிந்தாய் என்று வினவினேன். “சத்தமொண்டும் கேக்கேல்லை சேர். நெஞ்சுக்குள்ளை ஏதோ உறுமின மாதிரி இருந்தது. அப்பா உடனை பந்தத்தைக் கொளுத்திப் போட்டார்” என்றான். வகுப்பு நகைத்தது, நானும் நகைத்தேன். காதுக்குக் கேளாத ஒலியை நெஞ்சு எங்ஙனம் கேட்கும் என்பது அன்றைய என் எண்ணம். பல ஆண்டுகளின் பின் யானைகளைப் பற்றிய ஆராய்ச்சிகளைப் படித்தபொழுது, நகைக்கத்தக்கவன் அந்த மாணவன் அல்லன் என்பதை உணர்ந்தேன்.

தமிழர் யானையை நன்கறிந்த மக்கள். களிறு, பிடி, வேழம், கைம்மா, உம்பல் என நம் மொழி அதற்கு வழங்கிய பெயர்கள் பல. தொல்காப்பிய மரபியல், மக்கள் மகவுக்கு உரிய ‘குழவி’ என்னும் பெயரை யானையின் இளமைக்கும் ஏனைச் சில விலங்குகளின் இளமைக்கும் உரியதாக்குகின்றது. யானைக் குழவியையும் மனிதக் குழவியையும் ஒரே சொல்லால் அழைத்தோர் அவ்விலங்கினை அண்மையில் நின்று பார்த்தவர்களே என்பதில் ஐயமில்லை.

எனினும், அந்த உறவு எத்தகையது என்பதனையும் அதே இலக்கியங்கள் காட்டுகின்றன. மலைபடுகடாம் மலையில் எழும் ஓசைகள் பலவற்றை வரிசைப்படுத்திக் கூறும். பிடித்த யானையைக் கட்டிவைத்துப் பாகர் தம் ஏவற்சொற்களைப் பயிற்றும் ஓசையும் அவற்றுள் ஒன்று. முல்லைப்பாட்டின் பாசறையிலோ, யானைக்குக் கவளம் ஊட்டும் இளைஞர் கையிற் கவைமுள்ளுடன் நின்று வடமொழிச் சொற்களால் அதனை ஏவுகின்றனர். இற்றைக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் தன் மொழியை, அதுவும் அப்பாகருக்கே அயலான மொழியை, யானைக்குக் கற்பித்துவிட்டான். யானை அதனைக் கற்றும் கொண்டது. ஆசிரியனாக நின்ற மனிதன், தான் மாணவனாக இருந்து யானையின் மொழியைக் கற்க வேண்டும் என்று எண்ணினானல்லன். அவனுக்கு வேண்டியது யானையின் பேச்சன்று, அதன் உழைப்பே.

உழைப்புக்கும் போருக்கும் வேண்டப்பட்ட பொருள் விரைவிலேயே வணிகப் பொருளாயிற்று. இலங்கை யானைகள் பெரிய ஓடங்களில் ஏற்றப்பட்டுக் கலிங்க மன்னனுக்கு விற்கப்பட்டன என்று பண்டைக் கிரேக்க மொழியில் எழுதிய ஏலியன் குறித்திருக்கின்றார். பிற்காலத்தில் யாழ்ப்பாண மன்னரின் வருவாயில் யானைக்குப் பங்கிருந்தது. 1619இல் யாழ்ப்பாண அரசைத் தம் ஆட்சிக்குட்படுத்திய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் அந்த வணிகத்தைக் கைவிட்டாரில்லை, பெருக்கினர். வன்னியிலிருந்த தலைவர்கள் ஆண்டுதோறும் திறையாக யானைகளைக் கொடுக்கக் கடமைப்பட்டனர். மாத்தறைக் காடுகளிற் பிடித்த யானைகள் கூடத் தீவின் தென்கோடியிலிருந்து வடகோடிவரை நடத்திவரப்பட்டன. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த வணிகர் யாழ்ப்பாணத்து ஏலத்தில் அவற்றை உயரம் அளந்து, கொம்பு பார்த்து விலைபேசினர். ஊர்காவற்றுறையிலே கப்பலேறிய யானை தன் கூட்டத்தை மீண்டும் கண்டதில்லை.

இவ்வணிகத்தில் இலாபம் ஒருபுறம் சென்றது. உயிருக்கு அஞ்சாது காட்டினுட் புகுந்தோர் மறுபுறத்தினர். யானைபிடித்தலைக் குலத்தொழிலாகக் கொண்ட பணிக்கர் என்போர் வன்னியிலும் கிழக்கிலும் வாழ்ந்தனர். அவர்களுட் புகழ்பெற்றவர் வடகிழக்குப் பகுதி முஸ்லிம் கிராமத்தவர். மான்தோலாலோ எருமைத்தோலாலோ திரித்த கயிறு ஒன்றே அவர்கள் கருவி. மிதிபட்ட புல்லையும், ஒடிந்த கிளையையும், காட்டின் சிறு ஓசையையும் துணையாகக் கொண்டு யானையைப் பின்தொடர்ந்து, பின்னங்காலிற் சுருக்கிட்டு மரத்தோடு பிணைப்பர். வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தைமேற் பாடப்பட்ட ஒப்பாரி வன்னி நாட்டார் இலக்கியத்தின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று. ஆடவர் அஞ்சிய யானையை ஒரு பெண் சென்று பிடித்துக் கட்டினாள் என்பதும், அந்தப் புகழைப் பொறாதவரால் அவள் மடிந்தாள் என்பதும் அக்கதை. இம்மக்கள் யானையைச் செவிமடுத்தவர்களே. அதனை மறுத்தல் நன்றியின்மையாகும். ஆனால், அவர்களது செவியைத் திறை கேட்ட அரசும் விலைபேசிய வணிகமும் வாடகைக்குக் கொண்டிருந்தன. ஆகவே அவர்கள் கேட்டதெல்லாம் பிடிப்பதற்காகக் கேட்டதாகவே முடிந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இக்கேள்வியும் மாய்ந்து, துப்பாக்கியின் முழக்கமே எஞ்சியது. 1830களிலிருந்து மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக வெட்டப்பட்டன. யானை, பயிருக்கும் பாதைக்கும் பகையெனப்பட்டது. பதுளையிலே அரசாங்க உத்தியோகம் வகித்த மேஜர் றொஜேர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். யானையொன்றைக் கொன்றால் இத்தனை சிலிங் என்று அரசே வெகுமதியும் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகளுக்கு வெகுமதி கொடுபட்டது. 1851க்கும் 1856க்குமிடையில் தென்மாகாணத்திலே மேலும் 2,000 யானைகளுக்குக் கொடுபட்டது.

இக்கணக்குகளை நமக்கு எழுதிவைத்தவர் குடியேற்றநாட்டுச் செயலாளராகவிருந்த எமேர்சன் தெனன்ற். 1859இலும் 1861இலும் வெளிவந்த அவருடைய நூல்களிலே யானையின் ஓசைகள் பற்றிய குறிப்புகளும் உள்ளன. கூட்டத்தில் ஒரு யானை புதிதாக எதையேனும் கண்டால், குருவியின் கீச்சொலி போன்ற மெல்லிய ஓசையை உதட்டால் எழுப்பி மற்றவற்றுக்கு அறிவிக்கும் என்கிறார். இரவில் எதிர்பாராது கூட்டத்தை அண்மித்தோர், வெற்றுப் பீப்பாயை மரச்சுத்தியலால் அடித்தாற் போன்ற ஆழ்ந்த முழக்கத்தைக் கேட்டதாகவும் எழுதுகிறார். எச்சரிக்கை என்றும் செய்தி என்றும் அறிந்தே அவர் எழுதினார். யானைகள் தம்முட் பேசிக்கொள்கின்றன என்பதற்கான சான்றும், அவற்றைக் கொன்றதற்குக் கொடுத்த கூலியின் கணக்கும் ஓர் ஆசிரியரின் எழுத்திலேயே அருகருகே கிடக்கின்றன. அறிவு இருந்தது. அந்த அறிவு ஆட்சியின் போக்கில் ஓர் அணுவையும் அசைக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கு நினைத்தல் வேண்டும். அதே கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னாரில் இறங்கி, அதே காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் பலர் வழியிலே வீழ்ந்தனர். கொன்ற யானைகளுக்கேனும் வெகுமதிக் கணக்கு இருந்தது. வீழ்ந்த அம்மக்களின் ஓலத்தைக் குறித்துவைத்த ஏடு எது? ஒரு சமுதாயம் எந்தக் குரலைக் கேட்கும், எதனைக் கேளாது விடும் என்பது செவியின் கூர்மையைப் பொறுத்ததன்று. அதிகாரம் யார் கையில் உள்ளது என்பதைப் பொறுத்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மக்கள் மனம் மெல்ல மாறத் தொடங்கியது. 1950இல் பனாமுறையில் நடந்த யானைபிடிப்பின்போது, அடங்க மறுத்துத் தன் கூட்டத்துக்காகப் போராடிய ஓர் ஆண்யானை சுட்டுக் கொல்லப்பட்டது. நாடெங்கும் எழுந்த துயரமும் கண்டனமும் கொட்டிலிட்டு யானைக்கூட்டங்களைப் பிடிக்கும் வழக்கத்துக்கே முடிவு கட்டின.

யானையின் கேளா ஒலியை முதலில் ஊகித்தவர்களுள் ஒருவர் தமிழர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிப் பெண்களின் துயரைத் தமிழ் நாவலுக்குள் கொண்டுவந்த அ. மாதவையாவின் இளைய மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) இயற்கையை ஆராய்வதில் தம் வாழ்நாளைக் கழித்தவர். தென்னிந்தியக் காடுகளிலே யானைகளை உற்றுநோக்கிய அவர், ஓசையெதுவும் கேளாதபோதும் யானையின் நெற்றி துடிப்பதைக் கண்டார். நம் செவிக்கு எட்டாத ஒலியை அது எழுப்புகின்றது போலும் என்று எண்ணினார். அவர் கையிலே கருவி இருக்கவில்லை, பொறுமை இருந்தது.

கருவியோடு வந்தவர் அமெரிக்கப் பெண்மணி கேற்றி பேய்ன். திமிங்கிலங்களின் பாடலை ஆராய்ந்தவர் அவர். 1984இல் ஒறிகன் மாநிலத்துப் போட்லன்ட் நகர மிருகக்காட்சிச் சாலையிலே ஆசிய யானைகளின் அருகில் சில நாட்கள் இருந்தார். காற்றிலே ஓர் அதிர்வை, ஒலியாகவன்றித் துடிப்பாக உணர்ந்தார். திரும்பிச் செல்லும்போது அவருக்குத் தம் இளமைக்கால நிகழ்ச்சியொன்று நினைவில் எழுந்தது. தேவாலயப் பாடகர் குழுவிலே பெரிய ஓர்கனின் அருகில் நின்றபோது, அதன் மிகத் தாழ்ந்த சுரங்கள் செவிக்குக் கேளாமல் உடலிலே அதிர்ந்தனவே, அதுவன்றோ இது! மீண்டும் சென்று துணைவர் இருவருடன் ஒலிப்பதிவு செய்தார். நாடாவை விரைவாக ஓட்டியபோது, மௌனம் என்று எண்ணிய நேரமெல்லாம் பேச்சால் நிறைந்திருந்தது. சீமெந்துச் சுவர் ஒன்றின் இருபுறமும் நின்ற இரு யானைகள் உரையாடிக்கொண்டிருந்தன. மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைக் கேளாது. யானைகளின் இவ்வொலியோ 14க்கும் 24க்கும் இடைப்பட்டிருந்தது. 1986இல் அவ்வாராய்ச்சி வெளியாகியது.

என் மாணவன் நெஞ்சிலே உணர்ந்ததும் ஒறிகனில் அந்த அம்மையார் உணர்ந்ததும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒருவரின் உணர்வு விஞ்ஞானமாயிற்று. மற்றவனின் உணர்வு வகுப்பறை நகைப்பாயிற்று. அந்த நகைப்பிலே பங்குகொண்டவன் என்ற முறையில் இதனைச் சொல்லிவிடுதல் என் கடன்.

அதன் பின் வந்த நாற்பது ஆண்டுகளில் நம் அறிவு பெரிதும் விரிந்துள்ளது. தாழ்ந்த அதிர்வுடைய ஒலியை மரமும் புல்லும் எளிதில் உறிஞ்சிவிடுவதில்லை. ஆதலின் அது பல கிலோமீற்றர் தூரம் செல்லும்; காற்றடங்கித் தரை குளிரும் அந்திப் பொழுதிலே இன்னும் நெடுந்தூரம் செல்லும். ஒன்றையொன்று காணாத இரு கூட்டங்கள் ஒரே நேரத்தில் திசைமாறி நடப்பதன் மர்மம் இவ்வாறு வெளிப்பட்டது. யானையின் உறுமல் நிலத்தினூடாகவும் பரவுகின்றது. பாதத்தின் வழியே அதனை உணரும் ஆற்றல் யானைக்கு உண்டு. கெனியாவின் அம்போசெலியில் 1972 முதல் தொடர்ந்து நடைபெறும் ஆராய்ச்சி, வாழ்த்தும் உறுமல், புறப்படுவோம் என்னும் உறுமல், பிரிந்தோரை அழைக்கும் உறுமல் எனப் பல வகைகளைப் பிரித்தறிந்தது. கூட்டத்தின் மூத்த பெண்யானை, பழகிய குரலையும் அயற்குரலையும் இளையவற்றிலும் நன்கு வேறுபடுத்தும் என்று 2001இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. முதிய பிடியொன்றைக் கொல்பவன் ஒரு விலங்கை மாத்திரம் கொல்வதில்லை. கூட்டத்தின் நினைவையே அழிக்கின்றான்.

2014இல் வெளியான ஆய்வொன்று நம்மையே நாணச்செய்வது. மசாய், கம்பா என்னும் இரு மக்களினத்தவர், “அதோ பார், யானைக்கூட்டம் வருகின்றது” என்று தத்தம் மொழியிற் கூறியதைப் பதிவுசெய்து அம்போசெலி யானைகளுக்குக் கேட்பித்தனர். ஈட்டியோடு யானையை எதிர்ப்பவர் மசாய் ஆடவர். அவர்களின் குரலைக் கேட்ட யானைகள் ஒன்றுகூடிப் பின்வாங்கின. கம்பா ஆடவரின் குரலுக்கும், மசாய்ப் பெண்டிர், சிறுவர் குரலுக்கும் அவை அத்துணை அஞ்சவில்லை. மொழியையும் பாலையும் வயதையும் யானை குரலிலே கற்றுவைத்திருக்கின்றது. அதன் பேச்சிலே நாம் இத்துணை வேறுபாடு அறிந்தோமா? 2024இல் மேலும் ஒரு செய்தி வந்தது. கெனியாவிற் பதிவுசெய்த 469 உறுமல்களைக் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராய்ந்தோர், யானைகள் ஒன்றையொன்று பெயர் போன்ற தனித்த ஒலியால் அழைக்கின்றன என்பதற்குச் சான்று கண்டனர். தன்னை நோக்கிய அழைப்பை ஒலிபெருக்கியிற் கேட்ட யானை, பிறிதொன்றுக்குரிய அழைப்பைக் கேட்டபோதிலும் விரைந்து மறுமொழி தந்தது.

நம் நாட்டிலும் இம்முயற்சி நடந்துள்ளது. உடவளவையில் யானைகளை ஆராய்ந்த ஷெர்மின் டி சில்வா, 2010இல் வெளியிட்ட கட்டுரையில், இலங்கை யானையின் குரலில் 14 வகைகளைக் குறித்தார்.

இவையெல்லாம் கற்றோர் வியந்து பேசுவதற்குரிய விந்தைகள் மாத்திரமா? அல்ல. 2011இல் எடுத்த கணக்கின்படி இலங்கைக் காடுகளில் 5,879 யானைகள் இருந்தன. 2019இல் மாத்திரம் 400க்கு மேற்பட்ட யானைகளும் ஏறத்தாழ 120 மனிதரும் இந்நாட்டில் ஒருவர்க்கொருவர் பகையாகி மாண்டனர். துவக்குச் சூட்டாலும், சட்டவிரோத மின்கம்பியாலும், பழத்துள் வைத்த வெடியாலும் யானை இறக்கின்றது. இறக்கும் மனிதர் யாவர்? தோட்டக்காவலுக்குச் சென்ற விவசாயி, விடியுமுன் வேலைக்குப் புறப்பட்ட கூலியாள், விறகெடுக்கச் சென்ற தாய். நகரத்து மாடியிலே இருப்பவனை யானை மிதிப்பதில்லை. போரினால் ஊரிழந்து, மீண்டு வந்து, கடன்பட்டு விதைத்த வன்னிக் குடும்பத்துக்கு ஓரிரவில் அழியும் வயல் ஓராண்டின் உணவு. அக்குடும்பத்தை நோக்கி, ‘யானை அறிவுள்ள விலங்கு, அதனை நேசி’ என்று உபதேசிப்பது எளிது; அந்த உபதேசம் பசியை ஆற்றாது.

யானையை நேசிப்போர் விவசாயியைக் கொடியவன் என்கின்றனர். விவசாயிக்காகப் பேசுவோர் யானையைக் கொடியது என்கின்றனர். இருவரையும் ஒரே மண்ணில் மோதவிட்டது எது என்பதை இருசாராரும் கேட்பதில்லை. யானையின் வழித்தடம் எங்குள்ளது என்று கேளாமலே குடியேற்றங்களும் தோட்டங்களும் திட்டமிடப்பட்டன. அங்கே குடியேறப்போகும் மக்களையும் எவரும் கேட்கவில்லை. பின்னர்க் கூட்டங்கள் வெடிகொளுத்தித் துரத்தப்பட்டுச் சரணாலயங்களுள் அடைக்கப்பட்டன. உணவு போதாமையாற் பல மெலிந்தன. எஞ்சியவை வேலியை உடைத்துத் தம் பழைய நிலத்துக்கே மீண்டன. யானைகள் தாய்வழி உறவினரோடு, மூத்த பிடியின் நினைவு காட்டிய வழியே வாழும் சமுதாயத்தினர் என்பதைக் கேட்டறிந்திருந்தால் இந்த வீண் வேலை நடந்திராது.

கேட்டலின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. தேனீக்களின் ஓசையைக் கேட்ட யானைகள் தனித்த ஓர் எச்சரிக்கை உறுமலை எழுப்புகின்றன என்றும், அவ்வுறுமலை மாத்திரம் கேட்பித்தாலே பிற யானைகள் விலகுகின்றன என்றும் 2010இல் கெனியாவிற் கண்டனர். அங்கே விவசாயிகள் வயலைச் சுற்றித் தேன்கூட்டு வேலி அமைக்கின்றனர். பயிரும் தப்புகிறது, தேனும் கிடைக்கிறது. நம் தேனீயின் இயல்பு வேறு. ஆகையால் அங்குக் கண்ட பலனை அப்படியே இங்கு எதிர்பார்த்தல் ஆகாது. ஆனால் வழி இதுவே: முதலிற் கேட்டு, பின்னர் வேலியிடுதல். காட்டின் எல்லையிலே வேலியிடாது, ஊரையும் பயிரையும் சுற்றி, ஊரவரே பராமரிக்கும் வேலியமைக்கும் முறை இந்நாட்டிலேயே பல கிராமங்களிற் பயன்தந்துள்ளது. அதனைப் பரப்புதல் வேண்டும். அழிந்த பயிருக்கும் இழந்த உயிருக்கும் உரிய நட்டஈடு, அலையவிடாது, காலந்தாழ்த்தாது கொடுபடல் வேண்டும். புதிய திட்டமொன்றை வரையுமுன் வழித்தடங்களை அறிந்துகொள்ளல் வேண்டும். அவற்றை அறிந்தவர் அந்த ஊர்களிலேயே இருக்கின்றனர்.

அண்மையில் அந்த மாணவனைச் சந்தித்தேன். தந்தையின் வயலை இப்பொழுது அவனே செய்கின்றான். பேய்ன் அம்மையாரின் ஆராய்ச்சியைச் சொன்னேன். அன்று வகுப்பிலே நகைத்ததற்கு வருத்தமும் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தான். “அது எங்கடை ஊரிலை எல்லாருக்கும் தெரியும் சேர். ஒருத்தரும் வந்து கேக்கேல்லை” என்றான்.

கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கின்றது. காட்டிலும் வயலிலும் இத்தனை உயிர்கள் மாளும்போது, அக்காலம் நெடிதாக இருக்கும் என்று நம்பியிருத்தல் தகாது.